பாத்திரத்துக்குப் போட்டது

ஊக்கின் முனையை நூலுக்கு அடியில் விட்டு நெம்பினால் ஒரு தையல் வரும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தது துணிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், அப்புறம் நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுக்க வேண்டும், அதனால் அவசரப்படக் கூடாது. வால் போய்விட்டது. பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. இனி வயிறு, காது, தும்பிக்கை, தும்பிக்கை நுனியில் பிடித்திருக்கிற சிவப்புப் பூ. ஒரு கைப்பிள்ளைச் சட்டைக்கு இத்தனை வேலைப்பாடு எதற்கு என்று கேட்கிறேன், பிள்ளையா பார்க்கப் போகிறது, ஊர்தான் பார்க்கும், ஊர் பார்க்கத்தான் போட்டிருக்கிறாள், ராணி தைத்தது ராணி தைத்தது என்று நாலு தெரு சொல்ல வேண்டும் அவளுக்கு. முன்வாசலில் அத்தை புளி தட்டுகிறாள். டொக், டொக், அப்புறம் கொட்டை தகரத்தில் விழுகிற சத்தம், மறுபடி டொக். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை. நின்றால் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்து மேலே முந்தானையைப் போட்டுக்கொண்டு அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொள்வேன், இதுவரைக்கும் மூன்று தடவை குனிந்துவிட்டேன், மூன்று தடவையும் அத்தை வெற்றிலை போடத்தான் நிறுத்தியிருக்கிறாள். நாலு மணிக்குத் தன் மகன் தர்ஷித்துக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ராணி மதினி வருவாள். இவருடைய அக்கா. மனசுக்குள் எனக்கு எப்போதும் அவள்தான், வாயில் மட்டும் மதினி, நீங்க, வாங்க, உக்காருங்க. அவள் வருவதற்குள் ஆனை போய்விட வேண்டும். ஆனை போய்விட்டால் இது ஏதோ ஒரு நீலச் சட்டை, யார் பிள்ளை சட்டையோ, கேட்டால் எதையாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனை இருந்தால் ஒரு பார்வை போதும், தன் கைத் தையல் தனக்குத் தெரியாதா, எந்த வெள்ளிக்கிழமை, எந்தக் கூடையில் போட்டாள் என்பது வரைக்கும் ஞாபகம் வந்துவிடும், கழட்டு என்பாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயம். சண்டை போட்டால் போடட்டும், திருட்டுக்கழுதை என்று சொன்னால் சொல்லட்டும், நான் திருடவில்லை, காசு கொடுத்து வாங்கினேன். ஆனால் கழட்டு என்று அவள் சொல்லி, ஆமா கழட்டு என்று அத்தையும் சொல்லிவிட்டால், கழட்டத்தான் வேண்டும், கழட்டினால் ராத்திரிக்கு என் பிள்ளைக்கு மேலே என்ன இருக்கும்.

தொட்டில் அசையவில்லை. ஒரு கையால் கயிற்றை இழுத்துவிட்டு மறு கையால் ஊக்கைப் பிடிக்கிறேன். இன்றைக்குப் பதினாலு நாள். பிறக்கும்போது இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைச்சல், பொட்டப்பிள்ளை, கோழிக்குஞ்சு மாதிரி கழுத்து, அழுதால்கூட யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி அழுகிறது, என்னைக் கொண்டிருக்கிறது போல. நர்சம்மா என் மூக்குக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னது, "இந்தா பாரு, எடை கம்மி, குளிர் தாங்காது, முழுக்கைச் சட்டை போடு, தலையை மூடு, நெஞ்சோட வச்சுக்க. உள்ளங்கால் சில்லுன்னு இருந்துச்சுன்னா அசட்டையா இருந்துராத." நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது சுலபம். இது தை மாசம், ராத்திரி மலைப் பக்கமிருந்து காற்று ஓட்டுச் சந்துக்குள் புகுந்து புகுந்து வருகிறது, காலையில் அண்டாத் தண்ணீரைத் தொட முடியவில்லை. ஒரு சட்டை எடுத்துத் தரச் சொல்லி இவரிடம் சொன்னேன், இவர் வாழைத்தார் லோடுக்குக் கிளம்பிக்கொண்டே அத்தையைப் பார்த்தார், அத்தை புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "முப்பது கழியாம புதுத்துணி மேல படக்கூடாது. பழசு போடு, வேணாம்னா சொன்னேன்? நல்லா வளந்த பிள்ளை போட்டுக் கழிச்சதாப் பாத்துப் போடு." பழசுக்கு நான் எங்கே போவேன். அத்தையின் கிழிந்த சீலையைத் துண்டு போட்டுத்தான் இத்தனை நாளும் சுற்றுகிறேன், சுற்றின அரை நாழிகையில் காலை உதைத்து அவிழ்த்துவிடுகிறது. கேட்டுப் பார்க்காமலா இருந்தேன். ஏழாம் மாசத்திலிருந்தே கேட்டேன். ஒரு வீட்டு வாசலில் போய்க் கேட்பதற்கு முன்னால் நான் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும். கோமதி அக்கா மூன்று பிள்ளை பெற்றவள், கொடி முழுக்கச் சின்னச் சின்னச் சட்டையாகக் காய்கிறது, அந்தக் கொடிக்குக் கீழேயே நின்றுகொண்டு "எங்க வீட்ல ஒண்ணும் இல்லையேத்தா" என்கிறாள், சட்டை நுனி அவள் நெற்றியில் இடிக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொல்கிறாள். எதிர்வீட்டு டீச்சர் "பாத்துச் சொல்றேம்மா" என்றாள், அதற்கப்புறம் என்னைப் பார்த்தாலே கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அதை இப்போது நினைக்க வேண்டாம். காது வந்துவிட்டது, காதுக்கு இரட்டை நூல் போட்டிருக்கிறாள் மகராசி, ஊக்கு நுழைய மாட்டேன் என்கிறது, விரல் நுனியில் குத்திக்கொண்டேன், ரத்தம் வந்தால் துணியில் பட்டுவிடும், வாயில் வைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் அத்தையே தன் மகளிடம் கேட்டாள். எனக்கு எட்டு மாசம் அப்போது, அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசவில்லை, கேட்டால் என்ன என்றுதான் பேசினார்கள். "ஏண்டி ராணி, தர்ஷித் பிள்ளையில போட்டதெல்லாம் ஒரு பெட்டி நெறைய வச்சிருந்தியே." "அதெல்லாம் எங்க இருக்கும்மா. எலி கடிச்சு எப்பவோ தூக்கிப் போட்டாச்சு." சொல்லும்போது அடுப்படிப் பக்கம் திரும்பி என் வயிற்றைப் பார்த்தாள். என்னை இல்லை, வயிற்றை. சரி, எலி கடித்தால் கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பேச்சு நடந்த ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, அத்தை கருவாட்டுக் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்றாள், நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாலாவது தெரு திரும்புகிறேன், அவள் வாசலில் பாத்திரக்காரம்மா கூடையை இறக்கி வைத்திருக்கிறாள். பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வருமே, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட பொம்பளை, அதுதான். ஒவ்வொரு துணியாக வெயிலுக்கு நேரே விரித்து ஓட்டை பார்க்கிறது. "இதுல ஜிப்பு போயிருக்கு. இதுக்கெல்லாம் கரண்டிதான் வரும்." "கரண்டிக்கா இம்புட்டுப் போடுறேன்? அந்தத் தூக்குவாளியக் குடு." "தூக்குவாளியா, அதுக்குப் பட்டுச்சீலை போடு தாயி." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் அங்கே நின்றிருந்த லோடு ஆட்டோவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஏன் மறைந்தேன், நான் என்ன தப்புச் செய்தேன், என் குணம் அது, யாராவது தப்புச் செய்தால் நான் மறைந்துகொள்வேன். பாத்திரக்காரம்மா இந்தச் சட்டையை எடுத்து விரித்தது. ஆனை வெயிலில் தெரிந்தது. எலி கடித்த சட்டை. ஒரு பொத்தான்கூடப் போகாத, முழுக்கை வைத்த, உள்ளே பஞ்சு மாதிரி முடி முடியாய் இருக்கிற தடித்த துணிச் சட்டை. அதற்குக் கீழே இன்னும் நாலு சட்டை, ஒரு குல்லா. எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் கூடைக்குப் போனது, தூக்குவாளி அவள் வீட்டுக்குள் போனது.

குழம்பைக் கொடுக்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கூடைக்குப் பின்னால் நடந்தேன். அது வேகமாக நடக்கிறது, தலையில் அத்தனை கனத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் நடக்கிறதோ, எனக்கு அடிவயிறு இழுக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் எட்டிப் பிடித்தேன். "யம்மா" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி. திரும்பிப் பார்த்து, "பழசு இருக்கா?" "இல்ல. எனக்கு வேணும். அந்தப் பிள்ளைத் துணி." கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. "இருபது வருசமா இந்தக் கூடையச் சொமக்கேன். துணி போடுறவளத்தான் பாத்திருக்கேன், கேக்குறவள இன்னைக்குத்தான் பாக்குறேன்." "காசு தர்றேன்." "சில்லறையாப் பிரிச்சுத் தர மாட்டேன் தாயி. மதுரையில எடுக்குறவன் மூட்டையாத்தான் எடுப்பான். நல்லத நீ பொறுக்கிட்டுப் போயிட்டா மிச்சத்த நான் போத்திக்கிறவா? எடுத்தா அந்த வீட்டு மூட்டையப் பூராம் எடு. இருநூத்தம்பது." என்னிடம் இருநூறுதான் இருந்தது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைக்க இவர் கொடுத்தது, ரவிக்கைக்குள் வேர்வையில் நனைந்து கிடந்தது. எடுத்து நீட்டினேன். வாங்காமல், "அந்த வீட்டுக்காரி ஒனக்கு என்ன வேணும்?" "நாத்தனா." இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தது பாருங்கள், தொட்டியடியில் தண்ணீர் பிடித்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "வாசல்ல நின்னு ஓசியில வாங்க வேண்டியத நடுத்தெருவுல வெல குடுத்து வாங்குறியே. சரி, இருநூறக் குடு. சிரிக்க வச்சதுக்கு அம்பது தள்ளுபடி." சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும், குவித்துப் போட்டு விற்கிறான், பிள்ளைச் சட்டை எதை எடுத்தாலும் பத்து ரூபாய். ஆனால் அது யார் போட்டது. போட்ட பிள்ளை இருக்கிறதா, இல்லையா. துணியைக் கேட்டால் சொல்லுமா, அந்தக் கடைக்காரன்தான் சொல்வானா. இது எனக்குத் தெரியும். இதைப் போட்டவன் இருக்கிறான், கொழுக்கட்டை மாதிரி இருக்கிறான், போன வாரம்கூட வந்து எங்கள் கோழியைக் கல்லால் அடித்துவிட்டுப் போனான். அந்தக் கொழுப்புத்தான் எனக்கு வேண்டும். இருநூறு ரூபாய்க்கு நான் வாங்கினது துணி இல்லை.

மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்த்தால் பாதி அவள் புருசன் துணி. இரண்டு காக்கிப் பேண்ட்டு, அண்ணன் மினி பஸ் ஓட்டுகிறவர், பின்பக்கம் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடுத்த ஆம்பளையின் பேண்ட்டு என் கட்டிலுக்கு அடியில். இவர் பார்த்தால் என்ன சொல்வேன், அத்தை பார்த்தால் என்ன சொல்வேன், இரண்டு ராத்திரி கண் மூடவில்லை, மூன்றாம் நாள் அரிவாள்மனையில் வைத்துச் சதுரம் சதுரமாக அறுத்துக் கரித்துணியாக்கிவிட்டேன். நல்ல கனமான கரித்துணி, எவ்வளவு சூட்டையும் தாங்குகிறது. போன வாரம் அவள் வந்தபோது டீச்சட்டியை அதைப் பிடித்துத்தான் இறக்கினேன், அவள் எதிரிலேயே, உட்கார்ந்து ரசித்துக் குடித்தாள், "இஞ்சி தட்டிப் போட்டியாக்கும்" என்றாள். ஆமா மதினி என்றேன். பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பூண்டுக் குழம்பு கொண்டுவந்தாள், எதில் கொண்டுவந்தாள், அந்தத் தூக்குவாளியில், மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அவள் கை ருசி யாருக்கு வரும், அதுவும் ஒரு எரிச்சல். என் பிள்ளைச் சட்டையைப் போட்டு வாங்கின வாளியிலேயே எனக்குக் குழம்பு ஊற்றுகிறாளே, இவளுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தேன், அப்போது அது என் பிள்ளைச் சட்டையா, அவள் பிள்ளைச் சட்டைதானே, எனக்கு எப்போது அது என் சட்டை ஆனது. கேட்டிருக்கலாம். மதினி, எலி கடித்தது என்றீர்களே என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாம். என் வாய் எனக்கு எப்போது உதவி செய்திருக்கிறது. ஆறாவது படிக்கும்போது சார் பேர் வாசிப்பார், நாகஜோதி, நாகஜோதி என்று இரண்டு தடவை, நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளேன் ஐயா என்று தொண்டை வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் வராது, சார் வராதவர் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுவார். வருசக் கடைசியில் நீ முக்கால்வாசி நாள் வரவேயில்லை என்று சொல்லி அதே வகுப்பில் உட்கார வைத்தார்கள், அதோடு நின்றுவிட்டேன்.

டொக் நின்றுவிட்டது. குனிந்துகொண்டேன். அடுப்பில் தணல்கூட இல்லை, சாம்பல் கண்ணில் பறக்கிறது. அத்தை இருமுகிறாள், துப்புகிறாள், டொக். அப்பாடி. இப்போது வயிறு. முன்பக்கம் ஊக்கு போகாததால் சட்டையை உள்பக்கமாகத் திருப்பினேன், திருப்பினால் உள்ளே ஒரு துண்டு வெள்ளை மல்துணி வைத்துச் சுற்றித் தைத்திருக்கிறது. ஆனை அளவுக்கு, ஆனைக்குப் பின்னால். எதற்கு என்று பிடிபடவில்லை, அதைப் பிரித்தால் உள்ளே முடிச்சு முடிச்சாக நூல், அப்போதுதான் தெரிந்தது, முடிச்சு பிள்ளை நெஞ்சில் உரசக் கூடாது என்று மெத்தை மாதிரி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தையலும் அரிசி முனை அளவு. வயிற்றில் பிள்ளையோடு சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து போட்டிருப்பாள். நான் ஊக்கால் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கிழியட்டும், வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு எதற்கு. இப்படித் தைத்ததைத் தூக்குவாளிக்குப் போட எப்படி மனசு வந்தது. வந்திருக்காது. வராமலே போட்டிருக்கிறாள். வீட்டில் இருக்கிற வரைக்கும் அத்தை கேட்டுக்கொண்டே இருப்பாள், இல்லையென்று சொன்ன பொய் பெட்டிக்குள்ளேயே இருக்கும், அதை நிசமாக்குவதற்குப் போட்டிருக்கிறாள். எனக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காக முன்பின் தெரியாத பொம்பளைக்குக் கொடுத்திருக்கிறாள். முன்னே கொடுத்தாளே. முன்னே இரண்டு சட்டை கொடுத்தாள், மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, கேட்காமலே கொடுத்தாள், மூத்தவன் பிறந்தபோது. மூத்தவன் என்று சொல்லக் கூடாது என்பாள் அத்தை, போனதை எண்ணக் கூடாதாம், இவளைத்தான் தலைச்சன் என்று சொல்ல வேண்டுமாம். அவன் பத்தொன்பது நாள் இருந்தான். சித்திரை மாசம், குளிர் இல்லை ஒன்றுமில்லை, எடைகூட நன்றாகத்தான் இருந்தது, காலையில் பால் குடிக்கவில்லை, மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் என் கையிலேயே கனமாகிவிட்டான். மஞ்சள் சட்டை போட்டிருந்தான். ஆம்பளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் தர்ஷித்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று அத்தையிடம் கேட்டாள், மெதுவாகக்கூடக் கேட்கவில்லை, "சட்டையக் கழட்டிட்டாங்களா?"

அந்த வாக்கியத்தை நான் இரண்டு வருசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சோற்றோடு வரும், தண்ணீரோடு வரும். பிள்ளை மண்ணுக்குள் போய் ஒரு நாழிகை ஆகவில்லை, ஒரு முழத் துணிக்குக் கணக்குக் கேட்கிறாளே என்று. அத்தை "இல்லடி, அப்படியே விட்டாச்சு" என்றாள். அவள் முகம் எப்படி இருந்தது. நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்புறம் கோமதி அக்கா வந்து உட்கார்ந்தபோது யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, ராணி வீட்டுக்குப் போன கையோடு பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாளாம், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாளாம், நெடியே வரவில்லையாம். அப்போது அது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. இப்போது இந்த மல்துணியைப் பிரிக்கிற நேரத்தில் எதற்கு ஞாபகம் வருகிறது. துணிக்குக் கணக்குக் கேட்டவள் எதற்கு மகனைக் குளிப்பாட்ட வேண்டும். தன் பிள்ளை வேர்வை பட்ட சட்டை குழிக்குள் போய்விட்டது என்று பயந்திருக்கிறாள். மண்ணுக்குள் போன சட்டை வெளியே இருக்கிறவனையும் கூப்பிடும் என்று. அவள் பிள்ளையைப் பற்றி அவள் பயந்தால் பயப்படட்டும், அதை என் வாசலில் வைத்துத்தான் கேட்க வேண்டுமா, நான் படுத்திருக்கிற இடத்துக்கு மூன்று அடி தள்ளி நின்றுதான் கேட்க வேண்டுமா. பயம் என்றால் மன்னித்துவிட வேண்டுமா. மாட்டேன். கஞ்சத்தனம் என்று நினைத்தபோது வெறுப்பது சுலபமாக இருந்தது, இப்போது கஷ்டப்பட்டு வெறுக்க வேண்டியிருக்கிறது, அதற்கும் சேர்த்து அவள்மேல் கோபம் வருகிறது. கொடியில் சட்டையை வைத்துக்கொண்டு இல்லையென்றாளே கோமதி அக்கா, அவளும் இதைத்தான் பயந்தாள், டீச்சரும் இதைத்தான் பயந்தாள், படித்தவள். என் கை பட்டால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆகாது. நான் என்ன செய்தேன். பால் கொடுத்தேன், தாலாட்டினேன், வேறு என்ன செய்தேன். அவள் பயந்து கழித்துப் போட்டதை நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறேன். மஞ்சள் சட்டையும் இந்தச் சட்டையும் ஒரே பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தவைதானே. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தர்ஷித்தின் கொழுப்பு மட்டும்தான் தோன்றியது. ஒரே துணியில் இரண்டும் ஒட்டியிருக்குமா, அவன் வளர்ந்ததும் இவன் போனதும், எது என் பிள்ளைமேல் ஏறும். பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு. இன்னும் ஐந்து நாள். அந்த ஐந்து நாளைக்கு இதைப் போடாமல் வைத்திருந்தால் என்ன. வைத்திருந்தால் பனி. நர்சம்மாவுக்குச் சட்டை யார் போட்டதென்று கவலையில்லை, உள்ளங்கால் மட்டும்தான் கவலை. அத்தைக்கு உள்ளங்கால் கவலையில்லை. எனக்கு இரண்டும். அதனால்தான் என்னால் எதையும் செய்ய முடியவில்லை, பதினாலு நாளாகக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ராத்திரி எந்திரித்துப் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்ப்பேன், அப்புறம் குனிந்து மூட்டையைத் தொட்டுப் பார்ப்பேன், எதையும் எடுக்காமல் படுத்துக்கொள்வேன். மற்ற நாலும் மெல்லிசு, இரண்டு அரைக்கை, இரண்டு பனியன். போட்டால் இதைத்தான் போட வேண்டும்.

தும்பிக்கையும் வந்துவிட்டது. பூ வந்துவிட்டது. நூலையெல்லாம் திரட்டி அடுப்பில் போட்டுவிட்டுச் சட்டையைத் திருப்பி உதறி வெளிச்சத்தில் பிடித்தேன். ஆனை இருக்கிறது. நூல் இல்லை, ஆனை இருக்கிறது. சட்டை முழுக்க வெளுத்துச் சாம்பல் நீலமாகிவிட்டது, நூலுக்குக் கீழே இருந்த இடம் மட்டும் வெயிலும் சோப்பும் படாமல் கருநீலமாக அப்படியே நிற்கிறது, வால், கால், காது, தும்பிக்கை, பூ. முன்னே இருந்ததைவிட நன்றாகத் தெரிகிறது. முன்னே அது ஒரு தையல், இப்போது துணியிலேயே வளர்ந்த மாதிரி இருக்கிறது. விரலால் தேய்க்கிறேன், தேய்த்தால் போகுமா. டீத்தூளில் முக்கி வைக்கலாம், காய வேண்டுமே, வெயில் இறங்கிவிட்டது. நெஞ்சுக்கு நேரே வேறு ஒரு துணி வைத்துத் தைக்கலாம், நூல் இருக்கிறது, ஊசி அத்தையின் சுருக்குப்பையில் இருக்கிறது. அரை நாளாக உட்கார்ந்து நான் என்ன செய்திருக்கிறேன் என்றால் ஒன்றும் செய்யவில்லை, ஒரு நல்ல வேலையைக் கெடுத்தேன், அவ்வளவுதான். தொட்டிலுக்குள் சிணுங்கல். எழுந்து போய்ச் சீலையை விலக்கிப் பார்த்தால் சுற்றின துண்டை உதைத்துத் தள்ளிவிட்டுக் கிடக்கிறது, கை இரண்டும் வெளியே, முஷ்டி பிடித்திருக்கிறது, உள்ளங்காலைத் தொட்டேன். சில்லென்று. மண்பானையைத் தொட்ட மாதிரி. நகக்கண் ஊதாவாக இருக்கிறதா, வெளிச்சம் போதவில்லையா, இருட்டில் எல்லாமே ஊதாவாகத்தான் தெரியும். யோசிக்கவில்லை. யோசித்தால் மறுபடி பத்தொன்பதுக்குப் போவேன். மடியில் போட்டு ஒரு கையை உள்ளே விட்டேன், சட்டைக் கை பெரியது, இவள் கை வழியிலேயே காணாமல் போய்விட்டது, விரலை உள்ளே விட்டுத் தேடி முஷ்டியைப் பிடித்து வெளியே இழுத்தேன், இன்னொன்றையும். பொத்தான் மூன்று. குல்லாவையும் எடுத்துப் போட்டுவிட்டேன். சட்டை முழங்கால் வரைக்கும் வருகிறது, பரவாயில்லை, காலையும் அதற்குள்ளேயே மடக்கிக்கொண்டது. அழவில்லை. என்னைப் பார்க்கிறதா, விளக்கைப் பார்க்கிறதா தெரியவில்லை, வாயை மட்டும் சப்புக்கொட்டுகிறது. நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ஆனை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு போகலாம். போனால் என்ன, அவள் பிள்ளையை வாங்கினதும் துண்டை விலக்கிக் கை கால் பார்ப்பாள், எல்லோரும் பார்ப்பதுதானே. பிள்ளை தூங்குது மதினி என்று சொல்லி அடுப்படியிலேயே இருந்துவிடலாம், அவள் எழுந்து உள்ளே வருவாள். ரேஷன் கடை அக்கா கொடுத்தது என்று சொல்லலாம், அவளுக்கு அது யார் கையென்று தெரியும். நான் வேண்டுமானால் ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம், அதுதான் எனக்கு நன்றாக வரும். கழட்டு என்பாள். கழட்ட மாட்டேன் மதினி. இதைச் சொல்ல வேண்டும், மூன்று சொல், சொல்லிப் பார்க்கிறேன், கழட்ட மாட்டேன் மதினி, பிள்ளையின் குல்லாவுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால், இது நான் காசு கொடுத்து வாங்கினது. எங்கே என்று கேட்டால், உங்க வாசல்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி. எலி கடித்ததைத்தான் வாங்கினேன் மதினி, ஓட்டை எங்கேயென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்க. கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை சுவரைப் பார்க்கக் கூடாது, அவள் பயந்தால் அந்தப் பயத்தையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும், எனக்கு இருக்கிற அதே பயம்தானா, இல்லை வேறா என்று. டொக் நின்றுவிட்டது. வெற்றிலை இல்லை, முறத்தைத் தள்ளி வைக்கிற சத்தம். வாசலில் செருப்பு. "ஏத்தா ஜோதி, உள்ள என்ன பண்ற, ராணி வந்திருக்கா, பிள்ளையத் தூக்கிட்டு வா, இருட்டுறதுக்குள்ள ஒரு பார்வை பாத்துட்டுப் போகட்டும்." வர்றேன் அத்தை, இந்தா எந்திரிச்சிட்டேன், துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டேன், ஆனை வெளியே தெரிகிற மாதிரிப் பிள்ளையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன், மதினி கை நீட்டினாலும் சரி, கையை இழுத்துக்கொண்டாலும் சரி, நேரே போய் அவள் மடியில்